அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் குடியேற்றக் கொள்கையை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி: நீலகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையோ மருமகளோ எச்-1பி எனும் வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் குன்னூர், கோத்தகிரி பக்கமும் உண்டு. அங்கே அதிபர் தேர்தல் நெருங்கினால் இங்கே வாட்ஸ்அப் சூடாகிவிடும். "இவர் வந்தால் எல்லாரையும் மூட்டை கட்டச் சொல்வார்" என்று ஒன்று வரும், "அவர் வந்தால் கிரீன் கார்டு கையில்" என்று இன்னொன்று வரும். (கிரீன் கார்டு என்றால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி.) இரண்டையும் நம்ப வேண்டாம். அடுத்த தேர்தல் 2028 நவம்பரில். அதுவரை 2024 தேர்தலை வைத்துப் பழகலாம். குடியரசுக் கட்சியின் டிரம்ப்பும் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸும் சொன்னதும் தெரியும், டிரம்ப் ஜெயித்தபின் நடந்ததும் தெரியும்.

லாங் சைஸ் நோட்டு ஒன்று எடுத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து அட்டவணை போடுங்கள். வேட்பாளர் வாரியாக எழுதாமல் விஷயம் வாரியாக எழுதுங்கள்: எல்லையில் தஞ்சம் கேட்பவர்கள், நாடுகடத்தல், மெக்சிகோ எல்லைச் சுவர், அகதிகள், பிறப்பால் வரும் குடியுரிமை, வேலை விசா, கிரீன் கார்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் மூன்று கட்டம் வேண்டும்: சொன்னது, அதைச் செய்ய என்ன அதிகாரம் தேவை, பதவியில் இருந்தபோது செய்தது. வேட்பாளர் வாரியாக எழுதினால் ஒருவர் வாயே திறக்காத விஷயம் கண்ணில் படாமல் போய்விடும்.

முதல் கட்டத்துக்குக் கட்சியின் கொள்கை அறிக்கையை எடுங்கள். 2024இல் குடியரசுக் கட்சியின் அறிக்கை வெறும் 16 பக்கம். அதன் முதல் இரண்டு வாக்குறுதிகளே எல்லையை அடைப்பதும் பெரிய அளவில் நாடுகடத்துவதும்தான். ஜனநாயகக் கட்சியின் அறிக்கை சுமார் 90 பக்கம். அப்போதைய அதிபர் பைடன் போட்டியிலிருந்து விலகுவதற்கு முன்பே எழுதியது என்பதால் அதில் பல இடங்களில் அவரே வேட்பாளர்! ஆகவே அறிக்கையை மட்டும் நம்பாமல் வேட்பாளரின் பேச்சு, பேட்டிகளின் எழுத்து வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விவாதத்தை நேரலையில் பார்ப்பவர்களுக்கு: அவர்களுடைய கிழக்கு நேரம் இரவு 9 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 6.30. ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட்டும் நெட்டும் போகும் ஊர் நம்முடையது. வேண்டியதையெல்லாம் செப்டம்பருக்குள் இறக்கி ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள்.

எழுதும் ஒவ்வொரு வரிக்கும் தேதி போடுங்கள். 2019இல் ஹாரிஸ் எல்லையைச் சட்டவிரோதமாகக் கடப்பதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தார். 2024இல் கடந்தால் விளைவு உண்டு என்றார். 2024 ஜூனில் டிரம்ப், அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் பெறும் வெளிநாட்டு மாணவருக்குக் கிரீன் கார்டு தானாகக் கிடைக்க வேண்டும் என்றார். உடனே அவருடைய பிரச்சாரக் குழு அதைச் சுருக்கி விளக்கம் கொடுத்தது. ஒருவருடைய பழைய பேச்சை மற்றவருடைய புதிய பேச்சோடு ஒப்பிடுவதுதான் ஃபார்வர்டு செய்திகளில் நடக்கும் பெரிய தில்லுமுல்லு.

இரண்டாவது கட்டத்தில்தான் பாதிப் பேச்சு அடிபட்டுப் போகும். அதிபர் கையெழுத்துப் போட்டே செய்யக்கூடியவை சில. ஆண்டுக்கு எத்தனை அகதிகளை ஏற்பது என்பதை அவரே முடிவு செய்வார்: 2021 நிதியாண்டுக்கு டிரம்ப் வைத்த உச்சவரம்பு 15,000, பைடன் பிறகு வைத்தது 1,25,000. குடியேற்றச் சட்டத்தின் 212(எஃப்) பிரிவின்படி ஒரு வகை வெளிநாட்டவர் உள்ளே வருவதைப் பிரகடனம் வெளியிட்டு நிறுத்தலாம். 2018இல் உச்ச நீதிமன்றமும் இதை ஒப்புக்கொண்டது. துறை விதியை மாற்றுவது இழுக்கும்: எச்-1பிகாரரின் துணைவர் வேலை பார்க்க 2015இல் வந்த விதியை நீக்குவோம் என்று டிரம்ப்பின் முதல் ஆட்சி நான்கு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தது, நீக்கவில்லை. சட்டத்தை மாற்றக் காங்கிரஸ் வேண்டும். (நம்மூர்க் கட்சியில்லை, அவர்களுடைய நாடாளுமன்றம்.) செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு 100இல் 60 ஓட்டுத் தேவை. எல்லைக்கான இருகட்சி மசோதா 2024 பிப்ரவரியில் 49-50இல் நின்றுபோனது. டிரம்ப் அதை எதிர்க்கச் சொன்னார், ஹாரிஸ் அதே மசோதா வந்தால் கையெழுத்திடுவேன் என்றார்.

எச்-1பியின் ஆண்டு உச்சவரம்பு 65,000, அமெரிக்க மேல்பட்டம் உள்ளவர்களுக்கு மேலும் 20,000. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,40,000. அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான். இந்தியர்களின் வரிசை நீள்வது இதனால்தான். இவை சட்டத்தில் எழுதிய எண்கள். யார் அதிபரானாலும் தனியாக இதில் கை வைக்க முடியாது. இதைப் பற்றிய வாக்குறுதிக்குப் பக்கத்தில் "காங்கிரஸ்" என்று எழுதிவிட்டு நகருங்கள்.

மூன்றாவது கட்டத்தைப் பலர் காலியாக விடுகிறார்கள். அதுதான் தப்பு. குடியரசுக் கட்சியின் 2024 அறிக்கையில் எச்-1பி கட்டணம் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 19 அன்று புது எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் என்று பிரகடனம் வந்தது. ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்கு இது இல்லை என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. அதற்குள் ஊருக்கு வந்திருந்த பலர் அலறியடித்துத் திரும்பும் டிக்கெட் தேடினார்கள். "சொன்னது" கட்டத்தில் இதற்கு ஒரு தடயமும் கிடைத்திருக்காது. "செய்தது" கட்டத்தில் கிடைத்திருக்கும்: 2020 ஜூனில் இதே 212(எஃப்) பிரிவைக் கொண்டுதான் எச்-1பிகாரர்கள் புதிதாக நுழைவதை டிரம்ப் ஆண்டு முடியும்வரை நிறுத்தி வைத்தார்.

அடுத்து, வாக்குறுதி யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் இதை விளக்கவே வேண்டாம். இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பிரித்த 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று போட்ட எண்களில் வந்து விழுந்த குடும்பங்கள் அவை. 2023இல் டிரம்ப், சட்டவிரோதமாக இருப்பவர்களின் குழந்தைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது என்று அறிவித்தபோது "நமக்கில்லை" என்று பல வீடுகள் விட்டுவிட்டன. 2025 ஜனவரி 20 ஆணையை வாசியுங்கள்: தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனோ கிரீன் கார்டுகாரரோ இல்லையென்றால் அந்தக் குழந்தையும் அதில் அடக்கம். எச்-1பி தம்பதி அப்படியே அதற்குள் வருகிறார்கள். கீழ் நீதிமன்றங்கள் ஆணையை நிறுத்தி வைத்தன என்பது வேறு விஷயம். "சட்டவிரோத" என்ற தலைப்புச் சொல்லோடு நிறுத்தாமல், விதிவிலக்கு யாருக்கு, எந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு என்பதையும் எழுதுங்கள்.

எண்களில் இரண்டு குழி. தென்மேற்கு எல்லையில் 2023 நிதியாண்டின் "எதிர்கொள்ளல்", அதாவது எல்லை அதிகாரிகள் ஆட்களை மறித்த தடவைகள், சுமார் 24.7 லட்சம். இது ஆட்கணக்கு அல்ல. பர்லியார் செக்போஸ்ட்டில் ஒரே ஜீப் மூன்று தடவை ஏறினால் மூன்று என்று எழுதுவார்களே, அதே கணக்கு. கொரோனாவைக் காட்டி 2020 மார்ச் முதல் 2023 மே 11 வரை இருந்த டைட்டில் 42 முறையில் பிடிபட்டவரைத் தண்டனையில்லாமல் திருப்பி அனுப்பியதால், அவரே மறுபடி வந்து மறுபடி எண்ணிக்கையில் ஏறினார். அவர்களுடைய நிதியாண்டும் அக்டோபர் 1இல் தொடங்கும், காலண்டர் ஆண்டோடு கலக்காதீர்கள். சுவரும் அப்படியே: டிரம்ப்பின் முதல் ஆட்சியில் கட்டியது 458 மைல் என்பார்கள், முன்பு தடுப்பே இல்லாத இடத்தில் எழுந்த முதன்மைச் சுவர் 52 மைல்தான். எதிரணி 52ஐச் சொல்லும், அவர் அணி 458ஐச் சொல்லும், இரண்டும் பொய்யில்லை.

பேசாத விஷயத்துக்கு "சொல்லவில்லை" என்று தேதியோடு எழுதுங்கள். "மாற்றமில்லை" என்று எழுதிவிடாதீர்கள். கடைசியாக, வீட்டுப் பிள்ளையின் விசா வகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அது வரும் வரிசைகளைச் சிவப்பு மையால் கட்டம் கட்டுங்கள். எஃப்-1 மாணவருக்கும் எச்-1பி ஊழியருக்கும் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கும் அந்தச் சிவப்பு வரிசைகள் ஒன்றாக இருக்காது.