அந்த இரைச்சலைத் துடைக்காதீர்கள்: பழைய ஹிப்-ஹாப் ஆல்பங்களைப் பத்திரப்படுத்தும் முறை

பல வருடங்களுக்கு முன் ஒரு ராப் கேசட்டை எம்பி3 ஆக மாற்றினேன். பின்னணியில் பொரிந்துகொண்டிருந்த சத்தத்தை மென்பொருளில் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கேசட்டையும் தூக்கிப் போட்டேன். அதே ஆல்பத்தின் சிடி பிறகு கையில் கிடைத்தது. அதிலும் அந்தப் பொரியல் சத்தம் இருந்தது! அது கேசட்டின் அழுக்கே இல்லை; இசையமைத்தவர் சாம்பிள் எடுத்த, அதாவது ஒரு துண்டை வெட்டித் தன் பாட்டில் சேர்த்துக்கொண்ட, பழைய இசைத்தட்டின் சத்தம். பாட்டின் ஒரு பாகத்தை நானே அழித்திருந்தேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால் முதல் விதி: மூலப் பிரதியில் எந்தச் சுத்திகரிப்பும் வேண்டாம். கேட்பதற்கு வேண்டுமானால் தனியாக ஒரு நகல் எடுத்துத் துடைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ஆல்பத்தின் பெயர் மட்டும் போதாது. அமெரிக்க ராப் பாடகர் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'ரெடி டு டை' வந்தது 1994-ல். அதன் தலைப்புப் பாடலில் இருந்த ஒரு சாம்பிள் தொடர்பான வழக்கில் 2006-ல் தீர்ப்பு வந்தது. பிறகு வந்த பிரதிகளில் அந்த சாம்பிள் இல்லை. பெயர் ஒன்று, இசை வேறு. டி லா சோல் என்ற ஹிப்-ஹாப் குழுவின் ஆரம்பகால ஆல்பங்களோ 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்கிலேயே கிடையாது. அத்தனை வருடமும் அவற்றைக் காப்பாற்றியது அலமாரிகளில் இருந்த தட்டுகளும் கேசட்டுகளும்தான்.

பதிப்பைக் கண்டுபிடிக்க, இசைத்தட்டு என்றால் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடத்துக்கு நடுவே உள்ள வழுவழுப்பான வளையத்தைப் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், ஊசியால் கீறியது போன்ற எழுத்துகளும் எண்களும் தெரியும். சிடியில் நடு ஓட்டையைச் சுற்றி இருக்கும். ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு, இசை வெளியீடுகளின் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒப்பிடுங்கள்.

சிடியை நகலெடுப்பது சுலபம். அதற்கான மென்பொருள் விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். தரம் துளியும் குறையாது. பாட்டுகளின் வரிசையையும் இடைவெளியையும் குறித்து வைக்கும் க்யூ ஃபைலும், நகலெடுத்ததில் பிழை உண்டா என்று காட்டும் லாக் ஃபைலும் கூடவே இருக்கட்டும். ஹிப்-ஹாப் ஆல்பங்களில் பாட்டுக்கு நடுவே குட்டி நாடகங்கள் வரும், ஒன்று இன்னொன்றுக்குள் வழுக்கிப் போகும். பாட்டுகளுக்கு இடையிலான இடைவெளியும் ஆல்பத்தைச் சேர்ந்ததுதான்.

கேசட்டுக்குப் பொறுமை வேண்டும். முதலில் ஹெட்டை, அதாவது பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் பாகத்தை, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அப்புறம் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன திருகை, கேசட் ஓடும்போதே, மிக மெதுவாகத் திருப்புங்கள். போர்வைக்குள் இருந்து வருவது போல் மங்கலாக இருந்த ஹை-ஹாட் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தாளத்தட்டு), ஓர் இடத்தில் 'ட்ஸ் ட்ஸ்' என்று கூர்மையாகும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த இடம் மாறும். பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

உறை, உள்தாள், லேபிள் எல்லாவற்றையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். யார் தயாரித்தது, யார் ஸ்கிராட்ச் செய்தது (இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்பியது) என்பது பல சமயம் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கும்.

சரி, இனி இணையம். பதிப்புரிமை உள்ள ஆல்பத்தின் ஒலியை அனுமதி இல்லாமல் பொதுவில் ஏற்றாதீர்கள். அந்தக் கலைஞர்கள் பலருக்கு ஏற்கெனவே நியாயமான பணம் போய்ச் சேரவில்லை. பதிப்பு விவரங்களை டிஸ்காக்ஸிலும், அதே போன்ற மியூசிக்பிரெயின்ஸ் தளத்திலும் சேர்க்கலாம். அதுவே பெரிய உதவி. உள்ளூர்க் குழு தானே வெளியிட்ட டெமோ என்றால் அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றுங்கள். அபூர்வமான பிரதி என்றால் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹிப்-ஹாப் சேகரிப்புக்கு எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

ஏற்றும் முன் ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (ஃபைலில் ஒரு துளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்து வையுங்கள். ஏற்றியதைத் திரும்ப இறக்கி அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க், வேறு இடத்தில் ஒன்று. எண்கள் ஒத்துப்போனாலும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வெயிலும் ஸ்பீக்கர் காந்தமும் படாத இடத்தில், உறைக்குள், நிமிர்த்தி வையுங்கள்.