பெரியவர்கள் போனை எடுக்கும் முன் விரலுக்கு ஒரு நிமிடம்

வயதானவர்கள் போனில் எதையாவது தேட உட்காரும் முன், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, விரல்களைப் பத்து முறை மடக்கி நீட்டட்டும். விரல் நுனியை ஈரத்துணியில் லேசாக ஒற்றிக்கொள்ளலாம். தொடுதிரை, விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது. வயதில் தோல் வறண்டுபோனால் பல சமயம் அது விரலைக் கண்டுகொள்வதே இல்லை. விறைத்த விரலோ சட்டென்று எழும்பாமல் திரையிலேயே தங்கிவிடும், போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறக்கும். பாவம், "எனக்கு இதெல்லாம் வராது" என்று வைத்துவிடுகிறார்கள். செட்டிங்ஸில் அந்த அழுத்த நேரத்தையும் கூட்டிக்கொடுங்கள். மூட்டு வீங்கி வலிக்கும்போது இந்தப் பயிற்சி வேண்டாம், பேசித் தேடினால் போதும். ஒரு பக்கக் கை திடீரென்று மரத்தாலோ பலமிழந்தாலோ உடனே மருத்துவமனைதான்.