யூடியூப் ஒரு களம் அல்ல

புது ஊடகங்களை பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் களக் கோட்பாட்டால் ஆராயும் மாணவர்களின் வரைவுகள் அடிக்கடி என்னிடம் வருகின்றன. நாங்கள் படித்த காலத்துத் தவறுகளே மறுபடியும் வருகின்றன. ஆண்டு பிசகுவது, மேற்கோள் விடுபடுவது போன்றவற்றை விடுங்கள், திருத்திக்கொள்ளலாம். ஆய்வையே கெடுக்கும் தவறுகள் கீழே உள்ளவை.

தளத்தையே களம் என்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவர் ‘தமிழ் யூடியூப் களம்’ என்று தலைப்பு வைத்தார். சமையல், சினிமா விமர்சனம், அரசியல் அலசல் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு, சந்தாதாரர் எண்ணிக்கைப்படி ஆதிக்கம் செலுத்துவோர், அடங்கியோர் என்று பிரித்தார். வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்விதான்: “இவங்க எல்லாரும் எதுக்காகப் போட்டி போடுறாங்க?” பதில் இல்லை. எடுத்த நேர்காணல்களில் பாதி வீண்.

ஒரே பரிசுக்காக மோதுகிறவர்களுக்கு இடையிலான உறவுதான் களம். அந்த மோதலின் விளைவு எங்கே நிற்கிறதோ, அதுவே எல்லை. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், திரையரங்க வளாகங்களில் யூடியூப் சேனல்கள் ரசிகர் கருத்தைப் படம்பிடிக்க அனுமதிக்க வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு படத்தைப் பற்றிச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் அங்கே சண்டை. விமர்சகர்களும் தயாரிப்பாளர்களும் ஒரே களத்தில் நிற்கிறார்கள். அது சினிமாக் களம். புதுக்கோட்டையின் வில்லேஜ் குக்கிங் சேனலும் அதே யூடியூபில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சண்டையில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை.

அப்போ தளத்தை எங்கே வைப்பது? வெளியிலிருந்து வரும் அழுத்தமாக வையுங்கள். 2018இல் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை என்று யூடியூப் விதித்தது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அதை விமர்சகர் ஒரு மாதிரி சமாளிப்பார், சமையல்காரர் இன்னொரு மாதிரி. அந்த வித்தியாசம்தான் உங்கள் ஆய்வு.

சந்தாதாரரே மூலதனம் என்பது

பூர்தியூ சொல்லும் மூலதனம் பணம் மட்டுமல்ல, ஒரு களத்தில் மதிப்புப் பெற்று ஆதாயம் தரும் எதுவும்தான். சந்தாதாரர் எண்ணிக்கை எங்கே செல்லுபடியாகிறது என்று பாருங்கள். வில்லேஜ் குக்கிங் குழு 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டியது. 2022இல் ‘விக்ரம்’ படத்தில் தலைகாட்டியது. எண்ணிக்கை அங்கே சினிமா வாய்ப்பாக மாறியது. அதே எண்ணிக்கையோடு ஒருவர் இலக்கிய வட்டத்துக்குள் போனால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பலாம்.

ஹாபிட்டஸ்

வாழ்ந்த விதத்தால் ஒருவருக்குள் படிந்துபோன பழக்கம், ரசனை, பார்வை ஆகியவைதான் ஹாபிட்டஸ். வளர்ந்த வீடு, படிப்பு, முன்பு பார்த்த வேலை பற்றிக் கேட்காமல் இந்தச் சொல்லைத் தொடாதீர்கள்.

பெரிய சேனல்களை மட்டும் பேட்டி எடுப்பது

மூடிப்போன சேனல்காரரையும் தேடிப் பிடியுங்கள். களத்துக்குள் நுழைய என்ன விலை கொடுக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.