எஃப்என்யூ செந்திலுக்கு டைமண்ட், எனக்குப் பட்டை நாமம்: அமெரிக்கா கிளம்பும் சேலத்துக்காரர்களுக்கு

எதிர்வீட்டுத் தம்பி அடுத்த மாதம் நியூஜெர்சிக்குக் கிளம்புகிறான். விடுமுறைக்கு அழகாபுரம் வந்திருக்கும் என்னிடம் ஒரு பட்டியலோடு வந்தான். குக்கர் எடுத்துப் போகலாமா, புளி எத்தனை கிலோ, கரண்ட் அடுப்பில் தோசைக்கல் உட்காருமா. எல்லாம் கேட்டுவிட்டு எழும்போது, "அண்ணா, கார்டு தேய்ச்சாலே ஹோட்டல்ல டைமண்ட் மெம்பர் ஆக்கிடுறாங்களாமே, நீங்ககூட ஆனீங்கன்னு அம்மா சொன்னாங்க" என்றான்.

உள்ளே அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பின் கதை பின்னால் வருகிறது. அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அவனைப் போல இன்னும் பத்துப் பேர் இந்த வருடம் கிளம்புவார்கள்.

முதலில் சடங்குகள். போய் இறங்கியதும் சோஷியல் செக்யூரிட்டி எண், பேங்க் கணக்கு. இங்கே உங்கள் சிபில் 800 இருந்தாலும் அங்கே நீங்கள் நேற்றுப் பிறந்த குழந்தை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு இந்தியாவிலேயே வைத்திருந்தால், அதைக் காட்டி அங்கேயும் அவர்களிடமே விண்ணப்பிக்க வழி உண்டு. இல்லையென்றால் சில நூறு டாலர் டெபாசிட் கட்டி ஒரு செக்யூர்டு கார்டு வாங்கி, மளிகைக்கும் பெட்ரோலுக்கும் மட்டும் தேய்த்து, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுங்கள். ஸ்கோர் என்று ஒன்று உருவாகவே ஆறு மாதம் ஆகும். மினிமம் டியூ மட்டும் கட்டுகிற பழக்கம் இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். வருடத்துக்கு இருபது சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும்போது ஹோட்டலில் தருகிற ஓசி இட்லி எந்த மூலைக்கு?

சரி, இந்த ஹோட்டல் விவகாரம். நம்மூரில் லாட்ஜில் ரூம் போட்டால் ஆதார் கேட்பார்கள், அட்வான்ஸ் கேட்பார்கள், எக்ஸ்ட்ரா பெட்டுக்கு ஐந்நூறு கேட்பார்கள். அவ்வளவுதான். அங்கே பெரிய ஹோட்டல் குழுமங்கள் ஒவ்வொன்றும் வாடிக்கையாளரைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று பெயர்கள் மாறும். சில்வரை மறந்துவிடுங்கள். வருடம் முழுக்க வெள்ளிக் கொலுசு தட்டுகிற ஊரிலிருந்து போகிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்த வெள்ளியில் பெரிதாக ஒன்றுமில்லை. மேல்படிகளில்தான் விஷயம்: காலைச் சாப்பாடு, பெரிய அறை, தாமதமாகக் காலி செய்யும் சலுகை, சில இடங்களில் லவுஞ்ச்.

இந்தப் படிகளை நேர்வழியில் ஏற வருடத்துக்குப் பல இரவுகள் தங்க வேண்டும். ஐடி வேலைக்குப் போய் ஒரே அபார்ட்மெண்டில் நாலு பேர் குடியிருக்கும் நமக்கு அது ஆகாது. அதனால்தான் கார்டு வழி, அதாவது ஹோட்டல் குழுமத்தின் பெயரில் வருகிற கிரெடிட் கார்டு. 2025 நிலவரத்தைச் சொல்கிறேன், விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். ஹில்டனின் சர்பாஸ் கார்டுக்கு வருடக் கட்டணம் 150 டாலர். கார்டு வந்த உடனே கோல்டு. ஒரு காலண்டர் வருடத்தில் 40,000 டாலர் தேய்த்தால் டைமண்ட். ஐஹெச்ஜி என்கிற இன்னொரு குழுமத்தின் பிரீமியர் கார்டில் வாங்கியதும் பிளாட்டினம், அங்கேயும் 40,000 தேய்த்தால் டைமண்ட். ஹையாட் கணக்கு வேறு மாதிரி. கார்டுக்காக வருடத்துக்கு 5 இரவுகள் வரவு வைப்பார்கள், பிறகு ஒவ்வொரு 5,000 டாலருக்கும் 2 இரவு. அவர்களுடைய உச்சிப் படியான குளோபலிஸ்டுக்கு 60 இரவு வேண்டும். ஒரு இரவுகூடத் தங்காமல் கார்டாலேயே ஏறப் பார்த்தால் 1,40,000 டாலர் தேய்க்க வேண்டும். அந்தப் பணத்தை வைத்திருக்கிறவர் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இதில் நான் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒன்று. அந்தச் சர்பாஸின் கோல்டுக்கே இந்திய ஹோட்டல்களில் உறுப்பினருக்கும் கூட வருபவர் ஒருவருக்கும் காலைச் சாப்பாடு உண்டு. அமெரிக்காவுக்குள் 2021லிருந்து அதைச் சாப்பாட்டுக் கிரெடிட்டாக மாற்றிவிட்டார்கள், கணக்குப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். ஆக, ஊருக்கு வந்து அப்பா அம்மாவைக் கூட்டிப்போய் தங்கத்தான் உங்களுக்கு இது வேண்டுமென்றால், 40,000 தேய்க்கிற கூத்தே தேவையில்லை. டைமண்ட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்கள் 550 டாலர் கட்டணமுள்ள ஹில்டனின் ஆஸ்பையர் கார்டை வாங்கினால் அது முதல் நாளே கையில். மேரியட்டில் 650 டாலர் பிரில்லியன்ட் கார்டுக்கு பிளாட்டினம் அப்படித்தான் வருகிறது. 550 அதிகம் என்று தோன்றுகிறதா? அதே 40,000ஐ சும்மா இரண்டு சதவீதம் கேஷ்பேக் தருகிற கார்டில் தேய்த்திருந்தால் 800 டாலர் கையில் வந்திருக்கும். ஹோட்டல் கார்டில் பாயிண்ட் சேரும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாயிண்டைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் நீட்ட முடியாது.

எனக்கு அப்போது இந்தக் கணக்கெல்லாம் தோன்றவில்லை. அறையில் கூடத் தங்கியிருந்த ஈரோட்டுக்காரன் ஒருவன் டைமண்ட் ஆகிவிட்டான், நானும் ஆக வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. திருக்கடையூரில் முடித்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குக் கூட்டிப்போய், இரண்டு நாள் பெரிய ஹோட்டலில் ராஜா மாதிரி தங்கவைத்துவிட்டு நான் ஃபிளைட் ஏற வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருடம் கொலுசுப் பட்டறை நடத்தியவர், ஊதுகுழாய் ஊதியே பாதி மூச்சு போனவர். வேறென்ன செய்வது?

தேய்த்தேன். கார் இன்ஷூரன்ஸ், மளிகை, நண்பர்கள் நாலு பேரின் ஊர் டிக்கெட், தெரிந்த பையனின் செமஸ்டர் ஃபீஸ். காலேஜில் கார்டுக்குத் தனியாகக் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் வாங்கினார்கள். வாடகையைக் கார்டில் கட்ட வைக்கும் கம்பெனிகளும் அப்படித்தான். 40,000ஐயும் அந்த வழியில் கட்டினால் கட்டணமே 1,200 டாலர் ஆகிவிடும், இரண்டு ஆஸ்பையர் வாங்கலாம். டிசம்பரில் ஒரு நண்பன் டிக்கெட்டை ரத்து செய்தான், 1,300 டாலர் ரீஃபண்ட் வந்தது, என் கணக்கும் 1,300 பின்னால் போனது. திரும்பி வந்த பணத்தைக் கழித்துவிடுவார்கள். கார்டிலிருந்து பணமாக எடுப்பதும் ஆளுக்கு ஆள் அனுப்புவதும் கணக்கிலேயே சேராது. வருடக் கடைசியில் ஓடி ஓடித் தேய்ப்பதில் லாபமும் இல்லை, டைமண்ட் அடுத்த டிசம்பர் வரைக்கும்தான். அதையே மார்ச்சில் எட்டியிருந்தால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அனுபவித்திருக்கலாம்.

இதெல்லாம் சில்லறை. என்னைக் கவிழ்த்தது என் பெயர்.

நம்மில் பாதிப் பேருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அதோடு சரி. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் காலிக் கட்டம் வைக்க மாட்டார்கள். இருக்கிற பெயரைச் சர்நேமாகத் தள்ளி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்து சோஷியல் செக்யூரிட்டி, அதைப் பார்த்து லைசென்ஸ், அதைப் பார்த்து பேங்க். ஆஸ்பத்திரியில் நர்ஸ் "மிஸ்டர் ஃப்னு" என்று கூப்பிட்டாள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் என்னவோ தெரியாத பெயராகிவிட்டது.

இந்தியாவில் இருந்தபோதே கம்பெனி டிரெயினிங்குக்காகப் பெங்களூரில் ஒரு ஹோட்டலில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண் கேட்டாள் என்று உறுப்பினர் ஆனேன். முதல் பெயர் எம், கடைசிப் பெயர் செந்தில்குமார், காலேஜ் காலத்து ஈமெயில். அமெரிக்காவில் அதே குழுமத்தின் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது, 'உறுப்பினர் எண் இருந்தால் எழுதவும்' என்று ஒரு கட்டம் வந்தது. எண் நினைவில் இல்லை. இருந்தால்தானே எழுத வேண்டும் என்று காலியாக விட்டுவிட்டேன். அந்தக் காலிக் கட்டம்தான் பொறி. எண் தராதவருக்கு அவர்களே புது எண் ஒன்றைத் திறந்துவிடுவார்கள், பேங்கில் இருக்கிற பெயரில். அப்படிப் பிறந்தவர்தான் எஃப்என்யூ செந்தில்குமார்.

ஒரு வருடம் முழுக்க நான் தேய்த்ததெல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. பேங்க் ஆப்பில் பச்சைக் கோடு 40,000ஐ நோக்கி ஊர்ந்ததைப் பார்த்துப் பூரித்தேனே ஒழிய, ஹோட்டல் ஆப்பைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தாலும் அதில் பழைய எண்தான் இருந்தது. கோடு நிரம்பியது, வாழ்த்துச் செய்தி வந்தது, ஆப்பில் பழைய கணக்கில் நுழைந்து சென்னையில் இரண்டு இரவு போட்டேன். எந்தக் குழுமம் என்று சொல்லப் போவதில்லை, தப்பில் முக்கால்வாசி என்னுடையது.

அந்த ரிசப்ஷனை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. பட்டுவேட்டி கசங்கிய அப்பா, கையில் மஞ்சள் பை. பக்கத்தில் அம்மா, கழுத்தில் அன்றைக்குக் காலையில்தான் ஏறிய இரண்டாம் தாலி. வழியெல்லாம் நான் பீற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், போனதும் ரூம் மாற்றித் தருவார்கள், காலைச் சாப்பாடு இலவசம், லவுஞ்சில் காபி என்று. கம்ப்யூட்டரைப் பார்த்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "சார், நீங்க பேசிக் மெம்பர்தான். பிரேக்ஃபாஸ்ட் ஒருத்தருக்கு 1,200 பிளஸ் ஜிஎஸ்டி." நான் போனில் வாழ்த்து மெயிலைத் தேடி நீட்டினேன். அவன் படித்தான். "சார், இது வேற நம்பர். இந்தப் பேர்ல..." என்று தயங்கி, "எஃப்என்யூங்கிறது யாருங்க சார், உங்க பிரதரா?" என்றான்.

அப்பா கேட்டார், "ஏண்டா கண்ணு, அப்ப காசு கட்டினது நீ, வைரம் வேற எவனுக்கோவா?"

மறுநாள் காலை அம்மா மஞ்சள் பையைப் பிரித்தாள். சேலத்திலிருந்து கட்டிவந்த தட்டுவடை, டப்பாவில் துருவிய பீட்ரூட், இரண்டு சட்னி. பதினோராவது மாடியில், கடல் தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து மூவரும் தட்டுவடை செட் தின்றோம். அப்பா நாலு செட்.

இரண்டு கணக்கையும் ஒன்றாக்க நியூஜெர்சி போய்த்தான் முடிந்தது. பெயர் பொருந்தாத கணக்குகளைச் சட்டென்று சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் கூடாது, அதில் நியாயம் இருக்கிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் லைசென்ஸும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். எம் என்பது என் அப்பாவின் பெயர், அது என் பெயரில்லை, ஆனால் என் பெயரோடு வரும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் உன் அப்பாதான் முதல் உறுப்பினரா?" என்றாள். ஐந்து வாரம் ஆனது.

அதனால் தம்பிகளே, தங்கைகளே. இன்னும் விசா எடுக்கவில்லை என்றால், பாஸ்போர்ட்டில் பெயரையும் சர்நேமையும் பிரித்துப் போட்டு மறுபடி வாங்கிக்கொண்டு விசாவுக்குப் போங்கள். அப்பா பெயரைச் சர்நேமாகப் போடலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. எஃப்என்யூ ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுவிட்டதா, கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பழைய ஹோட்டல் கணக்குகளைத் தோண்டி எடுங்கள். எந்த ஈமெயிலில் திறந்தீர்கள் என்று பாருங்கள், பெயரை அமெரிக்கக் காகிதத்தில் இருக்கிறபடி மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாறிய பிறகு அந்த எண்ணை விண்ணப்பத்தில் எழுதுங்கள். முதல் மாத ஸ்டேட்மெண்ட் முடிந்ததும் ஹோட்டல் ஆப்பில் பாயிண்ட் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே போன் போடுங்கள், 40,000 வரை காத்திருக்காதீர்கள். ரூம் போடும்போது அந்தக் குழுமத்தின் சொந்த ஆப்பிலேயே போடுங்கள். டிராவல்ஸ் அண்ணனிடமோ மலிவு விலைத் தளத்திலோ போட்டால் டைமண்ட் பெரும்பாலும் செல்லாது.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் அம்மாவுக்கு எலுமிச்சம்பழம். லேடீஸ் சீட் பக்கம் சின்னத் தங்கும் விடுதி, எந்தக் குழுமமும் இல்லை. ரிஜிஸ்டரில் செவ்வாய்ப்பேட்டை என்று அப்பா எழுதியதும் மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "பட்டறைக்காரரா? எங்க அக்கா கல்யாணத்துக்கு உங்ககிட்டதான் கொலுசு வாங்கினோம்." சேலத்து விளக்குகள் தெரிகிற அறை கிடைத்தது. காலையில் இரண்டு தடவை காபி வந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். நானும் ஒன்றும் பேசவில்லை, காபியைக் குடித்தேன்.

எதிர்வீட்டுத் தம்பியிடம் பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஓடிப்போய் எடுத்து வந்தான். விசா ஒட்டியாகிவிட்டது. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதே மூன்று எழுத்து.

"இது என்னண்ணா, ஏதோ கோடு நம்பரா?"

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்: "உன்னோட பிரதர், கண்ணு."