கஸ்தெலோரிஸோ தீவுக்கு எப்டி போறது: கப்பலா, ப்ளேனா, துருக்கி பக்கமா?

கூட்டமே இல்லாத கிரீஸ் தீவு ஒன்னு சொல்லுன்னு நம்ம ராயபுரம் பசங்க கேட்டுக்கினே இருக்கானுங்க. என்ன கேட்டா கஸ்தெலோரிஸோ தான். கிரீஸோட கிழக்குக் கோடி, ரோட்ஸ் தீவுலேர்ந்து 125 கிலோமீட்டர் போல, எதிர்க்க துருக்கி கரை வெறும் 2 கிலோமீட்டர்.

மொதல்ல சென்னை டூ ஏதென்ஸ் டிக்கெட்ட போட்டுடாத. ஆஃபர் வந்துச்சுன்னு எல்லாரும் அத தான் போடுறாங்க, அப்பால தீவுக்கு கப்பல் இல்லாத கிழமைல ரோட்ஸ்ல எறங்கி சும்மா குந்திக்கினு ரூம் வாடகை அழுவுறாங்க. கடைசி துண்டுலேர்ந்து பின்னாடி வா. ரோட்ஸ்லேர்ந்து எந்தெந்த கிழமை கப்பல், எந்த கிழமை ப்ளேன்னு பாத்துட்டு, அதுக்கு ஏத்த மாதிரி ரோட்ஸ், ஏதென்ஸ், சென்னைன்னு வரிசையா போடு.

ப்ளேன் சின்ன டர்போப்ராப், அதான் காத்தாடி வெச்ச ப்ளேன், அர மணி நேரம் போல தான். ஆனா ரன்வே குட்டி, சீட்டும் கம்மி, அதனால சீக்கிரம் ரொம்பிடும். லக்கேஜ் அதிகம்னா இது வேணாம்.

கப்பல்ல ரெண்டு வகை. கேடமரான்னு ரெட்ட அடி வெச்ச வேகக் கப்பல் ரெண்டர மணி நேரத்துல போயிடும், ஆனா உள்ளயே அடஞ்சி கெடக்கணும், அலை வந்தா கொடல பொரட்டும். பெரிய ஃபெர்ரி நாலு மணி நேரம் போல ஆவும், எனக்கு அது தான் புடிக்கும், மேல டெக்ல காத்து வாங்கிக்கினே போலாம். ஏறும்போதே கீழ வண்டி நிக்கிற கராஜ்ல தீவு பேர் எழுதுன ரேக் இருக்கும், உன் தீவு பேர் பாத்து பொட்டிய வையி, அனௌன்ஸ் பண்ண ஒடனே கீழ எறங்கி ரெடியா நில்லு, ஏன்னா எறங்குற சாய்வுப் பலகைய (ராம்ப்) எறக்குனா கொஞ்ச நேரம் தான், கப்பல் உனக்காக நிக்காது. ஏதென்ஸோட துறைமுகம் பிரேயஸ்லேர்ந்தே கப்பல்ல வரேன்னா ஒரு நாள் கிட்ட ஆவும், கேபின் போடு.

ஜூலை ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல மெல்டெமின்னு வடக்கு காத்து அடிக்கும். காத்து வேகத்த அளக்குற போஃபோர்ட் கணக்குல 8 தொட்டா பெரிய கப்பலையே பொதுவா நிறுத்திடுவாங்க, சின்னது அதுக்கு முன்னாடியே நின்னுடும். நம்ம ஹார்பர்ல கூண்டு ஏத்துனா காசிமேட்டு போட்டெல்லாம் கட்டிக் கெடக்குமே, அதே கத தான், அங்க போயி சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல. அதுக்கு தான் திரும்பும்போது ரோட்ஸ்ல ஒரு நாளாவது ஸ்பேர் வையின்றது, தீவுலேர்ந்து வந்த அன்னிக்கே இண்டர்நேஷனல் ஃப்ளைட்டு புடிக்கிற ப்ளான்லாம் வேலைக்கே ஆவாது.

மூணாவது வழி துருக்கில காஷ் ஊர்லேர்ந்து, படகுல அர மணி நேரம் கூட ஆவாது. கேக்க ஜோரா இருக்கும், ஆனா துருக்கி விசா தனி, கிரீஸுக்குள்ள போற ஷெங்கன் விசா தனி. கிரீஸ்லேர்ந்து காஷ் போயிட்டு திரும்ப தீவுக்கு வரணும்னா ஷெங்கன் மல்டிபிள் என்ட்ரியா இருக்கணும், சிங்கிள்னா அவ்ளோ தான், உள்ள விட மாட்டாங்க. ஏற்கனவே துருக்கி சுத்துற ப்ளான் இருந்தா மட்டும் இது சரி, இல்லன்னா ரோட்ஸ் ஃபெர்ரி.