டி.எஸ்.எச். குறைந்தால் தைராய்டும் குறைவா?

ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 0.01 என்று இருக்கிறது. வழக்கமாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. பார்த்ததுமே வீட்டில் யாராவது சொல்வார்கள்: "தைராய்டு கம்மியா இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா காலையில வெறும் வயித்துல போடுற மாத்திரைதான் இதுக்கும்."

முதல் தவறு இதுதான். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பது அல்ல; மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. ரத்தத்தில் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 மிஞ்சினால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், எண் விழும். அந்த அக்காவின் மாத்திரை தைராக்சின், அதாவது அதே டி4; அதைப் போட்டால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகிவிடும்.

சரி, உத்தரவே இல்லாமல் சுரப்பி ஏன் ஓடுகிறது? கிரேவ்ஸ் நோயில் நம் எதிர்ப்பு அமைப்பே ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. டி.எஸ்.எச். உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்து, சுரப்பியை ஓயாமல் விரட்டும். தைராய்டு அழற்சியிலும் ஹார்மோன் கூடும். ஆனால் அது சேமிப்பிலிருந்து கசிவது, சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க, கிரேவ்ஸின் எதிர்ப்பொருளைத் தேடும் டி.ஆர்.ஏ.பி. என்ற ரத்தப் பரிசோதனை உண்டு.

கிரேவ்ஸ் நோயில் முடி கொட்டும். முடிக்காகப் பலர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அதிக அளவு பயோட்டின் சில லேப் கருவிகளைக் குழப்பி, நோயே இல்லாதவருக்கும் கிரேவ்ஸ் போன்ற ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, குறைந்தது இரண்டு நாள் நிறுத்திய பிறகு ரத்தம் கொடுங்கள்.

கிரேவ்ஸுக்குக் கார்பிமசோலோடு, அறிகுறியை அடக்கப் புரோப்ரனலால் மாத்திரையும் கொடுப்பதுண்டு. அதைப் போட்ட ஓரிரு நாளிலேயே படபடப்பும் கைநடுக்கமும் அடங்கும். உடனே "சரியாகிவிட்டது" என்று எல்லா மாத்திரையையும் நிறுத்துகிறார்கள். அடங்கியது அறிகுறி மட்டும். கார்பிமசோல் பிடிக்கவே சில வாரம் ஆகும். வழக்கமாக 12 முதல் 18 மாதம் தொடர வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்பே சொல்லுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். புகைபிடித்தால், கிரேவ்ஸில் வரும் கண் பாதிப்பு முற்றும்.

அப்புறம், கார்பிமசோல் எடுக்கும்போது காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் சுக்குக் கஷாயத்தோடு இருந்துவிடாதீர்கள். அரிதாக, இந்த மருந்து வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், இரவானாலும்.