சாக்கெட் எண் ஒன்றாக இருந்தால் போதுமா? பழைய பிராசஸருக்கு மதர்போர்டு தேடும்போது நடக்கும் தவறுகள்

பழைய கம்ப்யூட்டரில் பிராசஸர் அவ்வளவு சீக்கிரம் போகாது. போவது பெரும்பாலும் மதர்போர்டுதான். கெபாசிட்டர் உப்பிவிடும், இல்லையென்றால் கரன்ட் எகிறிய ஒரு நாளில் ஏதாவது ஒரு சிப் கருகிவிடும். கோர் ஐ5 2400, 3470, 4590 மாதிரி பிராசஸர்கள் இன்றைக்கும் டேலிக்கும் டைப்பிங்குக்கும் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் தாராளமாகப் போதும். போர்டை மட்டும் மாற்றி மெஷினைக் காப்பாற்றலாம் என்று நினைப்பது நல்ல யோசனை. அந்தப் போர்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பலர் காசை விடுகிறார்கள்.

வாங்கப் போவதற்கு முன்பே நடக்கும் தவறு ஒன்று உண்டு: போர்டு போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவது. டிஸ்ப்ளே வரவில்லை என்றால் முதலில் ராமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை ரப்பரால் துடைத்து, ஒரே ஒரு ராமை மட்டும் போட்டுப் பாருங்கள். போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றிப் பாருங்கள். தெரிந்தவரிடம் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) வாங்கி மாட்டிப் பாருங்கள். இந்த மூன்றையும் செய்த பிறகும் உயிர் வரவில்லை என்றால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, போர்டுதான் போயிருக்கிறது. இப்போது எல்லோரும் செய்வது, சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். அக்கா மகளின் மெஷினில் இருந்தது கோர் ஐ5 3470. அதற்கு எல்ஜிஏ 1155 சாக்கெட். சென்னை ரிச்சி தெருவில் அலைந்து, அதே 1155 சாக்கெட்டோடு பழைய ஹெச்61 போர்டு ஒன்றை வாங்கி வந்தேன். ஹெச்61 என்பது அதன் சிப்செட், அதாவது பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்பின் பெயர். பிராசஸர் கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, மூன்று நான்கு நொடியில் நின்றது, மறுபடியும் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ராமை மாற்றினேன், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. கடைசியில் நண்பர் ஒருவர் பழைய செலரான் ஜி530 பிராசஸரைக் கொண்டுவந்து போட்டார். உடனே டிஸ்ப்ளே வந்தது. போர்டில் ஒரு குறையும் இல்லை. அதிலிருந்த பயாஸ் (சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) 2011-ஐச் சேர்ந்தது, 3470 வந்ததோ 2012-இல். அந்தப் பயாஸுக்கு அப்படி ஒரு பிராசஸர் இருப்பதே தெரியாது. செலரானை வைத்தே பயாஸை அப்டேட் செய்து, பிறகு 3470-ஐப் போட்டதும் மெஷின் ஓடியது.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். 1155 சாக்கெட்டில் இரண்டு தலைமுறை பிராசஸர்கள் உண்டு. 2011-இல் வந்தது சாண்டி பிரிட்ஜ். அதன் கோர் ஐ வரிசை எண்கள் 2-இல் தொடங்கும். 2012-இல் வந்தது ஐவி பிரிட்ஜ், 3-இல் தொடங்கும். ஹெச்61 போர்டு சாண்டி பிரிட்ஜோடு பிறந்தது. புதிய பயாஸ் இருந்தால் ஐவி பிரிட்ஜையும் ஏற்கும், இல்லையென்றால் ஏற்காது. அலுவலகங்கள் கழித்துவிடும் மெஷின்களிலிருந்து வரும் கியூ65, கியூ67, பி65 போர்டுகளுக்கு ஐவி பிரிட்ஜ் ஆதரவை இன்டெல் முறைப்படி தரவே இல்லை. ஆகவே 3-இல் தொடங்கும் பிராசஸர் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது, பி75 போர்டைத் தேடுங்கள். அது ஐவி பிரிட்ஜோடு சேர்ந்தே வந்த போர்டு, சாண்டி பிரிட்ஜையும் ஏற்கும். ஹெச்61-இல் இல்லாத 6 ஜிகாபிட் சாட்டா போர்ட் (ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி மாட்டும் இடம்) ஒன்றும் யுஎஸ்பி 3.0-வும் அதன் சிப்செட்டிலேயே உண்டு. எஸ்எஸ்டி போடப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது எல்ஜிஏ 1151. 2015-இல் 6-ஆம் தலைமுறைக்கு வந்த சாக்கெட், 7-ஆம் தலைமுறைக்கும் அதுவே. 2017 அக்டோபரில் 8-ஆம் தலைமுறை வந்தபோதும் பெயரும் பின் எண்ணிக்கையும் 1151 என்றே இருந்தன. உள்ளே சில பின்களின் வேலை மாறிவிட்டது. ஹெச்110 போர்டில் ஐ3 8100 நன்றாக உட்காரும், ஓடாது. ஹெச்310 போர்டில் ஐ5 6400-உம் அப்படித்தான். இதைச் சாதாரண பயாஸ் அப்டேட் சரிசெய்யாது. “1151 போர்டு இருக்கு” என்று கடைக்காரர் சொன்னால், எந்தச் சிப்செட் என்ற அடுத்த கேள்வியை விடாமல் கேளுங்கள்.

இன்னும் பழைய எல்ஜிஏ 775-இலும் இதே கதைதான். 2004-இன் பென்டியம் 4 முதல் 2008-இன் கோர் 2 குவாட் வரை ஒரே சாக்கெட். ஆனால் 945 சிப்செட் 1066 மெகாஹெர்ட்ஸ் பஸ் (பிராசஸரும் சிப்செட்டும் பேசிக்கொள்ளும் பாதை) வேகம் வரைக்கும்தான் போகும். கோர் 2 டுவோ இ8400 கேட்பது 1333. அதற்கு ஜி41 பொருத்தமானது. ஜி41-இலும் டிடிஆர்2 ராமுக்கு ஒரு வகை, டிடிஆர்3-க்கு ஒரு வகை என்று இரண்டும் உண்டு. கையில் இருக்கும் ராமைப் பார்க்காமல் வாங்கினால் ராமுக்கும் தனியாகச் செலவு. ஏஎம்டி எஃப்எக்ஸ் 8350 வைத்திருப்பவர்கள் வாட் கணக்கையும் பார்க்க வேண்டும். அந்தப் பிராசஸர் 125 வாட், அதற்கான ஏஎம்3+ சாக்கெட்டில் விலை குறைந்த போர்டுகளில் பல 95 வாட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவை.

அப்புறம், டிஸ்ப்ளே எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல் வாங்குவது. ஐ5 750-க்கு எல்ஜிஏ 1156 சாக்கெட்டில் ஹெச்55 போர்டு வாங்குகிறோம். பின்னால் விஜிஏ, ஹெச்டிஎம்ஐ எல்லாம் இருக்கும். ஆனால் 750-க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, அதனால் அந்தப் போர்ட்கள் எதிலும் படம் வராது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால்தான் வேலை நடக்கும். ஐ3 9100எஃப் போல எஃப் என்று முடியும் பிராசஸர்களுக்கும் இதே நிலைமை. நல்ல போர்டைக் கெட்டுப்போனது என்று பலர் திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.

டெல், ஹெச்பி போன்ற பிராண்டட் மெஷின்களின் போர்டை சாதாரண கேபினட்டுக்கு வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. விலை ஆசை காட்டும். ஆனால் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மாதிரி மாடல்களில் வழக்கமான 24 பின் பவருக்குப் பதில் 8 பின்தான் இருக்கும். பவர் பட்டன் கேபிளும் அவர்களுடைய சொந்த வடிவம். தனியாகக் கன்வெர்ட்டர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. போர்டின் மேலேயே மாடல் பெயர் அச்சாகியிருக்கும், பக்கத்தில் ரெவிஷன் எண்ணும் இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலைத் தேடினால் அது ஏற்கும் பிராசஸர்களின் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு பிராசஸருக்கும் எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்பதும் அதில் பெரும்பாலும் இருக்கும். ரெவிஷன் மாறினால் பட்டியலும் மாறலாம், அந்த எண்ணை விட்டுவிடாதீர்கள். உங்கள் பிராசஸரின் பெயர் தெரியவில்லையா? ஹீட்சிங்கை (பிராசஸர் மேல் ஃபேனோடு இருக்கும், சூட்டைத் தணிக்கும் உலோகப் பாகம்) கழற்றி, பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்தால் உலோக மூடியிலேயே எழுதியிருக்கும். பட்டியலே கிடைக்காத, பெயர் தெரியாத போர்டுகளைக் கடைக்காரர் சோதித்துக் காட்டினால் மட்டும் வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் சாக்கெட் மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எல்ஜிஏ போர்டில் பின்கள் போர்டின் பக்கம்தான் இருக்கின்றன. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மட்டும் மங்கலாகவோ வேறு திசையிலோ தெரிந்தால் அங்கே பின் வளைந்திருக்கிறது. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் சாக்கெட்டைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள், தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல். ஆகவே 2, 3, 4-ஆம் தலைமுறை பிராசஸருக்காகப் புத்தம் புது போர்டு, புது ராம், புது எஸ்எம்பிஎஸ் என்று அடுக்கிக்கொண்டே போனால், அந்தப் பணத்துக்கு ஒரு பழைய 8-ஆம் தலைமுறை மெஷினே வந்துவிடக்கூடும். போர்டோடு நின்றால் சரி. மெஷினோடு வந்த விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு கட்டப்பட்டது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது பிராசஸர், ஹீட்சிங்க், ராம் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். அங்கேயே மாட்டச் சொல்லி பயாஸ் திரையைப் பாருங்கள். உங்கள் பிராசஸரின் பெயர் சரியாக இருக்கிறதா, ராம் முழு அளவும் காட்டுகிறதா, எல்லா ராம் ஸ்லாட்டும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.